வாசகர் கேள்வி: இ.இ.இ. படித்தவர் பியானோ கலைஞராகவும் இருக்கலாமா?

கேள்வி: இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பியானோ, லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டேன். மேடையில் வாசிக்க ஆசை, இன்ஜினீயரிங்கும் பிடித்திருக்கிறது. ஆடியோ சம்பந்தமான வேலைக்குப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். சரியா? (வாசகி, கோவை)

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நண்பர்கள் சொல்கிற வழி எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடியோ கம்பெனியில் சிக்னல் பிராசஸிங் (ஒலியை மின்சைகையாக்கிச் சீர்செய்யும்) வேலை கிடைத்தால் நல்ல வேலைதான், காது பழகிய இன்ஜினீயருக்கு அங்கே மதிப்பும் உண்டு. ஆனால் நாள் முழுக்க ஃபில்டர் டிசைன் செய்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால் பாக் எழுதிய ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துப் பின்னும் கடினமான வடிவம்) கைக்கு வராது. சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி) புகழ் ராபர்ட் மூக் சிறுவயதில் பியானோ கற்றவர், கொலம்பியாவில் மின்பொறியியல் படித்தவர். உலகம் அவரைக் கருவி செய்தவராகத்தான் கொண்டாடுகிறது. அது பெரிய விஷயம்தான், ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லையே.

அதனால் வேலை தேடும்போது அது இசைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், தினம் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம் விடுமா என்று பாருங்கள். இ.இ.இ.காரர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சைட் வேலை. துணைமின் நிலையம் கட்டுகிற இடத்தில் ஆறு மாதம் போட்டுவிட்டால் பியானோவுக்கு எங்கே போவீர்கள்? சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஒரே ஊர், ஷிஃப்ட் இல்லாத டிசைன் வேலை உங்களுக்குத் தோதுப்படும்.

ஒரு விதிவிலக்கு, ஆராய்ச்சி. பியானோ கலைஞர் எலைன் சூ ஸ்டான்ஃபோர்டில் கணிதமும் இசையும் படித்து, எம்.ஐ.டி.யில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் (சிறந்த முடிவைக் கணிதத்தால் கண்டுபிடிக்கும் துறை) முனைவர் பட்டம் வாங்கியவர்; இசைக்கலைஞர்கள் வாசிக்கும் விதமே அவருடைய ஆய்வுப் பொருள், அதனால் வாசிப்பதும் வேலையில் சேர்த்தி. இன்னொருவர் மான்ஃப்ரெட் கிளைன்ஸ். 1925இல் வியன்னாவில் பிறந்து, மெல்பர்னில் பொறியியலும் இசையும் படித்து, நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் பியானோ பயின்றார். முதலில் கச்சேரி மேடை; அப்புறம்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போய், மூளையின் மெல்லிய மின்னலைகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கணினியை உருவாக்கினார். 1960இல் ‘சைபோர்க்’ (மனித உடலும் இயந்திரமும் இணைந்தது) என்ற சொல்லை நேதன் கிளைனோடு சேர்ந்து உலகுக்குக் கொடுத்தவரும் இவர்தான். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல், சில வருடம் இது, சில வருடம் அது என்று மாற்றிக்கொள்வதும் ஒரு வழி.

பணம் பற்றி நேராகவே சொல்கிறேன். மேற்கத்திய செவ்வியல் பியானோவைத் தனியாக மேடையில் வாசித்து மட்டும் இங்கே குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம். வகுப்பு எடுப்பது, சர்ச் கொயர், கிரேடு தேர்வு எழுதும் வயலின் மாணவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது, இவற்றில்தான் ஓரளவு காசு. பக்கவாத்தியத்தை மட்டமாக நினைக்காதீர்கள், சைட் ரீடிங் (புது இசைக்குறிப்பைப் பார்த்ததும் வாசிப்பது) அதில் வளர்வதுபோல் வேறெதிலும் வளராது.

இப்போதைக்கு டிரினிட்டியில் கிரேடுகளுக்கு அடுத்து வரும் ஏ.டி.சி.எல். டிப்ளமாவுக்குத் தயாராகுங்கள், பிறகு எல்.டி.சி.எல்., எஃப்.டி.சி.எல். என்று போகலாம். இதற்கு வேலையை விட வேண்டியதில்லை. பெரிய சர்வதேசப் போட்டிகள் பலவற்றில் 30 வயதையொட்டிக் கதவு மூடிவிடும், ஆனால் டெக்சாஸில் நடக்கும் கிளைபர்ன் அமெச்சூர் போட்டியில் 35 வயது ஆனவர்கள்தான் கலந்துகொள்ளவே முடியும். 2011இல் அங்கே ஜெயித்தவர் ஒரு டாக்டர்.

கேள்வி: ஃபிளாட்டில் இருக்கிறோம். மகனுக்கு டிஜிட்டல் பியானோ போதுமா? (வாசகர், சென்னை)

பதில்: ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். 88 கீ, ஹேமர் ஆக்‌ஷன், பெடல் ஆகிய மூன்றும் இருக்கட்டும் (ஹேமர் என்பது நிஜப் பியானோபோல் கீயை அழுத்தக் கொஞ்சம் கனமாக இருக்கும் அமைப்பு). லேசான கீபோர்டு வாங்கினால் விரலுக்குப் பலம் வராது. மேல் கிரேடுகளுக்குப் போகும்போது வாரத்தில் ஒரு நாளாவது டீச்சர் வீட்டு அக்கூஸ்டிக் பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் சொந்தமாக அக்கூஸ்டிக் வாங்க அவசரப்பட வேண்டாம், அந்த ஈரக்காற்றில் சுருதி நிற்காது, கம்பியும் துருப்பிடிக்கும்.