அப்பாவிடம் மறைக்கலாமா? மருத்துவ அறம்: வாசகர் கேள்விகள்

திருமங்கலம் வாசகர்: அப்பாவுக்கு 71 வயது. வயிற்றில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தெரிந்தால் உடைந்துபோவார் என்பதால், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டோம். சரிதானே?

பதில்: பயம் புரிகிறது, ஆனால் சரியில்லை. கீமோவுக்குக் கையெழுத்துப் போடப்போவது அவர்தான். எதற்கென்று தெரியாமல் போடும் கையெழுத்து சம்மதமே ஆகாது. தவிர, எத்தனை நாள் மறைப்பீர்கள்? வார்டு போர்டே காட்டிக்கொடுத்துவிடும், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுவார். அப்புறம் நீங்களும் நடிப்பீர்கள், அவரும் நடிப்பார். நிலத்தை யாருக்கு எழுதுவது, பேத்தி கல்யாணத்தை முன்கூட்டியே வைப்பதா என்றெல்லாம் அவர் யோசிக்க வேண்டிய நேரம் அதில் போய்விடும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று டாக்டர் அவரிடமே கேட்கட்டும். "என் மகன்கிட்ட பேசிக்கங்க" என்றால், அது அவர் எடுத்த முடிவு.

மேலூர் வாசகி: சர்க்கரைக்குப் புது மருந்து ஆராய்ச்சியாம். சேர்ந்தால் மாத்திரை இலவசம். கத்தைத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுப் போடுங்கள். தமிழில் தராவிட்டால் போடவே வேண்டாம். இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா என்று கட்டாயம் கேளுங்கள். புது மருந்து ஆராய்ச்சிக்கான 2019 விதிகளின்படி, ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தாள் இவ்வளவு நீளமானதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகியில், சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும், அந்த நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு அதைக் கொடுக்காமல், ஆராய்ச்சி என்ற பெயரில் 1972 வரை வேடிக்கை பார்த்தார்கள். இங்கே ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதில் மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவரும் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் உருப்படியான கேள்வியெல்லாம் அவரிடமிருந்துதான் வரும்.

உசிலம்பட்டி வாசகர்: நண்பன் எனக்குக் கிட்னி தரலாமா?

பதில்: தரலாம், விற்கக் கூடாது. நெருங்கிய உறவு இல்லாததால், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு விசாரிக்கும். பணம் கைமாறவில்லையா என்று பார்க்க, இருவருடைய மூன்று வருட வருமானக் கணக்கையும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள்.

வாடிப்பட்டி வாசகி: அம்மா வென்டிலேட்டரில் இருக்கிறார். தேறமாட்டார் என்கிறார்கள். எடுக்கச் சொல்லலாமா?

பதில்: சட்டத்தில் வழி இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. அம்மா முன்பே எதுவும் எழுதிவைக்காவிட்டாலும், குடும்பம் சம்மதித்து, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் எடுக்கலாம். ஆனால் பில்லுக்குப் பயந்துதான் கேட்கிறீர்கள் என்றால், அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்கலாம்.