பிள்ளைக்காகப் போட்ட விதிதானா?

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழைகளின் சுதந்திரத்தைச் சட்டமே பறிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று 2013இல் இலங்கையில் வந்த விதியைப் பாருங்கள். அம்மா சவுதிக்குப் போக, அப்பா குடிக்க, பாட்டியிடம் வளர்ந்து படிப்பை விட்ட பிள்ளைகள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட தாயைத் தடுப்பது எப்படிப் பிழையாகும்?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்லும் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் அந்த விதி யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்று பாருங்கள். குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண் தன் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் அதிகாரிகளிடம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று மாதப் பிள்ளையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போகிற அப்பாவிடம் யாரும் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் குடிப்பது அப்பா, ஆனால் தடுக்கச் சொல்வது அம்மாவை.

அப்புறம், அந்தத் தாய் போகாமல் தோட்டத்திலேயே இருந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விடிந்ததும் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏற வேண்டும், மழையில் அட்டைக் கடியோடு கொழுந்து பறித்து, கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். பிள்ளை அப்போதும் அம்மா இல்லாமல்தான் பகல் முழுக்கக் கிடக்கிறது, ஆனால் அதற்கு ஒரு அறிக்கையும் கேட்பதில்லை. 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. அந்தக் காசில் பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியுமா என்று எந்த அதிகாரி லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, வந்து விசாரித்தார்?

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்து 1865இன் சட்டத்தில் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம், சிறைக்கே அனுப்பலாம். கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவேன் என்று தோட்டத்தை நடத்திய துரை எழுதித் தருகிற ‘துண்டு’ என்ற சீட்டு 1921 வரை இருந்தது. அன்றைக்கும் ‘இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்றுதான் துரைமார் பேசினார்கள். அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை நாட்டுக்குள் நடமாடவும், போனவர் திரும்பி வரவும் உரிமை தருகிறது. வெளியே போகும் உரிமை அதில் எழுதப்படவில்லை. படித்த, காசுள்ள பெண்ணுக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது.

எங்கள் லயத்தில் ஒரு அக்கா, கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது, கையெழுத்துக்காக நாலு தடவை பஸ் ஏறி இறங்கினார், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போயிற்று. கடைசியில் ஒரு ஏஜென்சிக்காரன் சொன்னபடி விசிட் விசாவில் போய்விட்டார். அப்படிப் போனதால் பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, அங்கே அடி விழுந்தபோது முறையிடவும் பயம். விதி அவரை நிறுத்தவில்லை, பாதுகாப்பு இல்லாத வழியில் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

நாட்டில் டொலர் தீர்ந்துபோன 2022இல் அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வருஷத்திலிருந்து அம்மா தேவைப்படவில்லையா, தம்பி?

பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பிள்ளைக் காம்பராவை நல்ல நிலையில் வைக்கட்டும், வாழக்கூடிய சம்பளம் கொடுக்கட்டும், அப்பாவையும் பொறுப்பில் நிறுத்தட்டும். அதற்குப் பிறகும் ஒரு தாய் போவேன் என்றால் அது அவர் முடிவு. உங்கள் தோட்டத்தில் படிப்பை விட்ட அந்தப் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? எழுதுங்கள்.