மாலை போட்டார்கள், மைக் தரவில்லை

அன்புள்ள அக்கா,

ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்க மகளிர் தினத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு விழா. நாலு பேர் என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். மாலை, பொன்னாடை, கைதட்டல். பேச மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காலத்துப் பெண்ணுரிமைப் போராட்டத்தில் எங்களைப் போன்றவர்கள் இருந்தார்களா, இல்லை அப்போதும் வெறும் பொம்மைதானா? அடுத்த வருடம் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

இருந்தார்கள். லண்டனில் ரோசா மே பில்லிங்ஹர்ஸ்ட் என்று ஒருவர். சின்ன வயதில் போலியோ வந்து, துணையில்லாமல் நடக்க முடியாது. கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியில், ஊன்றுகோல்களை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு ஊர்வலத்துக்கு வருவார். 1910 நவம்பர் 18 அன்று, வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன பெண்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. இவரை வண்டியிலிருந்து கீழே தள்ளிக் கையை முறுக்கினார்கள். அப்புறம் ஒரு சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய், ரவுடிக் கூட்டத்துக்கு நடுவே விட்டு, சக்கரத்தின் வால்வுகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். வண்டி இனி நகராது என்று தெரிந்தே செய்த வேலை. பொம்மைக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

அந்த வண்டி வாக்குரிமை இயக்கத்துக்கும் நல்ல விளம்பரம்தான், பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா! ஆனால் அதே வருடம் இயக்கத்தின் கிரீனிச் கிளையைத் தொடங்கி, அதன் முதல் செயலாளராக இருந்தவரும் அவரே. கூட்டம் எங்கே, எப்போது என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 1913 ஜனவரியில், தபால் பெட்டிகளில் இருந்த கடிதங்களைப் பாழாக்கியதற்காக எட்டு மாதத் தண்டனை. சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். வலுக்கட்டாயமாகக் குழாயில் உணவு ஊட்டினார்கள். உடம்பு தாங்கவில்லை, சீக்கிரமே விடுதலை செய்ய வேண்டியதாயிற்று.

நம் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்திய சத்தியாக்கிரகமும் அதே 1913இல்தான். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், சரி. பிழைத்திருந்து, சிறை ஒடித்துப் போட்ட உடம்போடு எழுபது வயதுவரை நம் நடுவே இருந்திருந்தால், கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருப்போமா? எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த வருடம் கட்டாயம் போங்கள். ஜூலையில் விழாக் குழு கூடும்போதே போய் உட்காருங்கள். பேச்சாளர் பட்டியலில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். மேடைக்கு ஒரு சாய்தளம் கேளுங்கள். அதற்கு வசதியில்லை என்று இழுத்தால், எல்லாரும் கீழே தரையிலிருந்தே பேசட்டும்.