மானிட்டர் வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்: கேள்வி-பதில்

ஃபுல் எச்டிதான் பட்ஜெட். 24 அங்குலமா, 27 அங்குலமா?

24. அதில் அங்குலத்துக்கு 90 பிக்சல் சொச்சம் கிடைக்கும். 27-க்குப் போனால் 80-தான். ண, ன சுழிகளெல்லாம் பிசிறடிக்கும். 27-தான் வேண்டுமென்றால் 2560 x 1440-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

என் லேப்டாப்புக்கு எந்த மானிட்டர் நல்லது?

எந்த லேப்டாப்? ஜாதகம் இல்லாமல் பொருத்தம் கேட்கிறீர்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண், என்னென்ன போர்ட், என்ன வேலை: இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு இனிப் பதில் இல்லை.

4கே மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டினால் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. மானிட்டர் கோளாறா?

இல்லை, 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் மாறுகிறது. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்தால் தெரியும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 பதிப்பாக இருந்தால் 4கே-க்கு 30-தான் உச்சம், 60-க்கு 2.0 வேண்டும். விலை கூடிய கேபிள் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. சில மானிட்டர்களின் மெனுவிலேயே 1.4, 2.0 என்று மாற்றும் வசதி உண்டு, அதை முதலில் பாருங்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி-சி போர்ட்டில் படம் வருமானால் சி-டு-டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டுவிடுங்கள்.

யுஎஸ்பி-சி மானிட்டர் வாங்கினேன். சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லை. கடைக்காரர் லேப்டாப்பைக் குறை சொல்கிறார்.

கடைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. யுஎஸ்பி-சி என்பது ஓட்டையின் வடிவம், அவ்வளவுதான். சில லேப்டாப்பில் அதில் டேட்டா மட்டும் போகும், சிலதில் டேட்டாவும் சார்ஜும். படம் வர டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (யுஎஸ்பி-சி வழியே படத்தை அனுப்பும் வசதி) இருந்தே ஆக வேண்டும். போர்ட் அருகே தண்டர்போல்டின் மின்னல் அம்போ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் கவலையில்லை. குறி இல்லையென்றால் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். முதல் பக்கத்தில் 'டைப்-சி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, படம் வராது என்பதைப் பொடி எழுத்தில் ஒளிப்பது இவர்கள் வழக்கம். ஆல்ட் மோட் இல்லாத போர்ட்டில் சாதாரண சி-டு-எச்டிஎம்ஐ அடாப்டர் மாட்டினாலும் பயனில்லை.

அடுத்த சந்தேகம் கேபிள். மொபைல் சார்ஜரோடு வந்ததை மாட்டியிருப்பீர்கள். அது பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, படம் போவதற்கான கம்பிகளே உள்ளே இருக்காது. '100 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று அச்சடித்திருப்பது மின்சாரக் கணக்கு, படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மானிட்டர் பெட்டியில் வந்த கேபிளை முதலில் போடுங்கள். புதிதாக வாங்கினால் வீடியோவுக்கு ஆகும் என்று எழுதியிருக்க வேண்டும், நீளம் 1 மீட்டர் போதும்.

வாட்டையும் பாருங்கள். மானிட்டர் தருவது 65 வாட், உங்களுடையது 200 வாட் கேமிங் லேப்டாப் என்றால் விளையாடும்போது பேட்டரி இறங்கத்தான் செய்யும்.

மேக்புக் ஏர் எம்1. ஹப் வழியாக இரண்டு மானிட்டர் போடலாமா?

சாதாரண ஹப்பில் முடியாது. எம்1, எம்2 ஏர் இரண்டும் ஒரு வெளி மானிட்டரோடு சரி. எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு, எம்4-இல் திறந்தே இரண்டு. டிஸ்ப்ளேலிங்க் சிப் (படத்தை யுஎஸ்பி டேட்டாவாக அனுப்புவது) உள்ள டாக் வாங்கி டிரைவர் போட்டால் எம்1-லும் ஓடும். எக்செல், மெயிலுக்குப் போதும். ஆனால் ஓடிடி படம் கறுப்பாகத் தெரிந்தால் எனக்கு எழுதாதீர்கள்.

எச்டிஎம்ஐயில் நிறம் வெளுத்து, கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது.

கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஆர்ஜிபி ரேஞ்ச் 'லிமிடெட்' என்று இருக்கும். 'ஃபுல்' ஆக்குங்கள்.

டேலி, எக்செல் வேலைக்கு 1 எம்எஸ் (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்) மானிட்டர் அவசியமா?

அவசியமில்லை. அந்தக் காசில் உயரம் மாற்றும் ஸ்டாண்டு உள்ளதை வாங்குங்கள். போர்ட்டைப் பார்த்துவிட்டு.