பட்டியல் போட்டால் அலசல் ஆகிவிடுமா?

கேள்வி: எஸ்.இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ இளையோர் நாவலின் பாத்திரங்களையும் இலக்கிய உத்திகளையும் ஆராய்ந்து எழுதும்படி என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உவமை, குறியீடு, வட்டக் கட்டமைப்பு, எண்ணங்களை மனதில் வந்தபடியே கொட்டும் நனவோடை என்று 22 உத்திகளைக் கண்டுபிடித்துவிட்டாள். டாரி இரக்கமற்றவன், டாலி கெட்டவன், ஜானி பயந்தாங்கொள்ளி என்று பாத்திரங்களையும் எழுதிவிட்டாள். இன்னும் என்ன சேர்க்கலாம்? எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பெண் எழுதிய கதையில் இத்தனை உத்தி எங்கிருந்து வரும்? அலசி அலசிக் கதையைக் கொன்றுவிடுகிறோமோ?

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம். 22-இல் 19-ஐ அடிக்கச் சொல்லுங்கள். ‘இங்கே உவமை இருக்கிறது’ என்று எழுதுவது கடைக்காரர் சரக்கு எண்ணுகிற வேலை. அந்த உவமையை யார் சொல்கிறார்கள், சொல்லும்போது அவருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கும்போதுதான் அலசல் ஆரம்பிக்கிறது.

முதல் அத்தியாயத்தில், கதை சொல்லும் போனிபாய் தன் அண்ணன் டாரியின் கண்களை வெளிறிய நீலப்பச்சைப் பனிக்கட்டித் துண்டுகளுக்கு ஒப்பிடுகிறான். அதை நம்பித்தானே உங்கள் மகள் ‘இரக்கமற்றவன்’ என்று எழுதினாள்? அப்படிச் சொல்வது யார்? அண்ணனிடம் ஓயாமல் திட்டு வாங்கும் 14 வயதுத் தம்பி. பெற்றோர் விபத்தில் போன பிறகு, 20 வயதில் கூரை வேலைக்குப் போய் இரண்டு தம்பிகளைக் காப்பாற்றுகிறவன் டாரி. இந்தத் தகவலும் அதே தம்பியின் வாயிலிருந்துதான் வருகிறது. அதன் கனம் அப்போது அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு மருத்துவமனைக் காட்சி. ஓடிப்போன தம்பி திரும்பக் கிடைத்ததும் டாரி அழுகிறான். அப்போதுதான் போனிபாய்க்குப் பெற்றோரின் இறுதிச் சடங்கு ஞாபகம் வருகிறது. தம்பிகள் இருவரும் அழுதபோது டாரி மட்டும் சட்டைப்பைக்குள் முஷ்டியை மடக்கிக்கொண்டு, இப்போது முகத்தில் தெரிகிற அதே கெஞ்சும் பார்வையோடு நின்றிருந்தான். டாரி மாறவே இல்லை. பார்க்கிறவனுக்குத்தான் கண் திறந்திருக்கிறது.

இனிக் கடைசிப் பக்கம். ஆங்கிலப் பாடத்தில் தேறுவதே சந்தேகம் என்றிருக்கும் போனிபாய், ஆசிரியர் கேட்ட கட்டுரையை எழுத உட்காருகிறான். அவன் எழுதத் தொடங்கும் வாக்கியம் நாவலின் முதல் வாக்கியமேதான். நாம் படித்து முடித்தது அந்தக் கட்டுரையை. மகள் இதற்கு ‘வட்டக் கட்டமைப்பு’ என்று பேர் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எழுத உட்காரும்போது அவனுக்கு எல்லாம் தெரியும். டாரியின் பாசம் தெரியும், நண்பர்கள் ஜானியும் டாலியும் செத்துப்போனது தெரியும். தெரிந்தும் முதல் அத்தியாயத்தில் ‘பனிக்கட்டி’ என்றே எழுதுகிறான். அன்றைக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவையே நமக்கும் தருகிறான். உவமை, பாத்திரம், கட்டமைப்பு என்று மூன்று தலைப்பில் மகள் பிரித்து வைத்தவை ஒரே முடிச்சுதான். கட்டுரைக்கு இந்த ஒன்றே போதும்.

இந்தக் கதைசொல்லியை முழுசாக நம்பவும் கூடாது. ‘சோஷ்’ எனப்படும் பணக்கார எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்த பாப், ஜானியின் கையால் குத்துப்பட்டதை அவன் பார்க்கவில்லை. நீரூற்றில் அமுக்கப்பட்டு மயங்கியவன் கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பின்னால் உடம்பு தேறாமல் கிடக்கும்போது, பார்க்க வந்த பாப்பின் நண்பன் ராண்டியிடம் ‘கத்தி என்னிடம்தான் இருந்தது, நான்தான் கொன்றேன்’ என்கிறான். ஜானி சாகவில்லை என்றும் சாதிக்கிறான். நம்ப முடியாத கதைசொல்லி என்ற இந்த உத்தி 22-இல் இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

டாலியைக் ‘கெட்டவன்’ என்று மூடிவிடுவதற்கு முன், ஜானி அவனை எப்படிப் படிக்கிறான் என்று பாருங்கள். பாப் செத்த பிறகு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கும்போது ஜானியும் போனிபாயும் ‘கான் வித் தி விண்ட்’ நாவலை வாசிக்கிறார்கள். அதில் வரும் தென்மாநிலக் கனவான்களைப் பார்த்ததும் ஜானிக்கு டாலி ஞாபகம் வருகிறது. பள்ளி ஜன்னல்களை உடைத்தவன் இவர்கள் கூட்டாளி டூபிட். போலீஸ் பிடித்ததோ டாலியை. விஷயம் தெரிந்தும் மறுப்புச் சொல்லாமல் தண்டனையை ஏற்றுக்கொண்டவன் அவன். படிப்பில் பின்தங்கிய பையன் என்று பேர் வாங்கிய ஜானி, ஒரு செயலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆளை எடைபோடுகிறான். பாத்திர ஆய்வுக்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டுமா?

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923-இல் வெளியிட்ட எட்டு வரிக் கவிதை இதே தேவாலயத்தில்தான் வருகிறது. மகள் அதை ‘குறியீடு: தங்கம் = இளமை’ என்று ஒரு சமன்பாட்டில் முடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். பொன் எதுவும் நிலைக்காது என்கிறது கவிதை. சாகும்போது ஜானி போனிபாயிடம் பொன்னாகவே இரு என்கிறான். கவிதையோடு அவன் மல்லுக்கு நிற்கிறான். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். கதையில் வரும் இன்னொரு குறியீடான சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு வரி போதும்.

சந்தேகத்துக்கு வருகிறேன். 1967-இல் நாவல் வெளியானபோது ஹிண்டனுக்கு 18 வயது. எழுதத் தொடங்கியது அதற்கும் முன்னால். இதைச் சொல்லித்தான் பலர் ‘அந்த வயதுக்கு அனுபவத்தை அப்படியே கொட்டியிருப்பார்’ என்று தள்ளிவிடுகிறார்கள். கதை சொல்வது ஒரு பையன். எழுதியது சூசன் எலோயிஸ் என்ற பெண். அட்டையில் முதலெழுத்துகள் மட்டும் போதும் என்பது பதிப்பாளர் யோசனை. தன் குரலாக இல்லாத ஒரு குரலைக் கடைசிவரை பிடித்து நிறுத்தியவருக்கு உத்தி தெரியாது என்றால் எப்படி? உத்தியின் பெயர்கள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

அலசினால் கதை செத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பெயர் ஒட்டிக்கொண்டே போனால் சாகும். திரும்பப் போய் வாசித்தால் சாகாது. கடைசி அத்தியாயத்தில் போனிபாய் உடைந்த பாட்டிலைக் காட்டி மூன்று சோஷ் பையன்களை விரட்டுகிறான். இவனும் டாலியைப் போல இறுகிவிட்டானோ என்று டூபிட் பயப்படுகிறான். அடுத்த நிமிடம், யாருடைய டயரும் பஞ்சர் ஆகக் கூடாதென்று போனிபாய் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்குகிறான். ‘அவன் நல்லவன்’ என்று ஹிண்டன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது நனவோடையை. போனிபாய் எதிரில் ஆள் வைத்துப் பேசுவதுபோல், ஒழுங்காக, வரிசையாகக் கதை சொல்கிறான். அந்த உத்திக்கு இந்த நாவலில் வேலையே இல்லை.