திப்பி மக்குகிறது, பை ஏன் மக்குவதில்லை?

கேள்வி: எங்கள் ஊர் சேகோ ஆலையின் களத்தில் கொட்டும் ஈரத் திப்பி (மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும், மாவு ஒட்டிய சக்கை) இரண்டே நாளில் புளித்து நாறிவிடுகிறது, அதனடியில் புதைந்த பாலித்தீன் பையோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. இரண்டும் பாலிமர்தானே? செய்யும்போதே மக்கும்படி பிளாஸ்டிக்கைச் செய்ய முடியாதா?
– வாசகர் ஒருவர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: இரண்டும் சிறு மூலக்கூறுகள் கண்ணிகளாகக் கோத்த நீண்ட சங்கிலிகளே, அதுதான் பாலிமர்; வேறுபாடு கண்ணிகளைக் கோக்கும் இடத்தில் இருக்கிறது. மரவள்ளி மாவில் ஒரு குளுக்கோஸை அடுத்ததோடு இணைப்பது ஓர் ஆக்சிஜன் அணு. நுண்ணுயிரிகளின் நொதிகள் அங்கேதான் நீரைச் சேர்த்து வெட்டுகின்றன. பாலித்தீனின் முதுகெலும்பு முழுவதும் கார்பனோடு கார்பன் என்பதால், வெட்டுவதற்கு வாகான இடமே அதில் கிடையாது.

அந்த இடத்தை முன்கூட்டியே வைத்துவிடும் வழியை 1980களில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வில்லியம் பெய்லி விரிவாக ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட மோனோமர்களில் (சங்கிலியின் கண்ணியாகும் சிறு மூலக்கூறுகளில்) ஒன்று, இரண்டு ஆக்சிஜன்கள் கொண்ட ஏழு அணு வளையம். அதன் வெளிப்புறத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்துவரும் சங்கிலியின் நுனியிலுள்ள தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட அணு) இந்த இரட்டைப் பிணைப்பைத் தாக்கியதும், இணையற்ற எலக்ட்ரான் இரு ஆக்சிஜன்களுக்கு நடுவிலுள்ள கார்பனில் வந்து நிற்கிறது; அங்கிருந்து வளையத்தின் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு ஒன்று அறுந்து, வளையம் நீண்ட இழையாக விரிந்து, நடுவில் ஓர் எஸ்டர், அதாவது நீர் சேர்த்து வெட்டக்கூடிய ஆக்சிஜன் இணைப்பு, உருவாகிறது. எலக்ட்ரான் புது நுனிக்குப் போய்விடுவதால் சங்கிலி தொடர்ந்து வளர்கிறது. வளையம் திறக்காமலே கோக்கப்பட்டால் எஸ்டர் கிடைக்காது, உழைப்பு வீண்.

பாலித்தீனின் கண்ணியான எத்திலீனோடு இந்த வளையத்தைச் சேர்த்துப் பெய்லி குழு செய்தும் காட்டியது. வினைல் அசிடேட் என்ற மோனோமரோடும் அது நன்றாகச் சேர்கிறது. ஸ்டைரீன் என்ற மோனோமரோடு சேர்க்கத்தான் பாடுபட வேண்டும், ஸ்டைரீன் தன்னைத்தானே கோத்துக்கொண்டு வளையத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். போதாததற்கு, ஈரமோ அமிலமோ பட்டால் மோனோமரே கெட்டுவிடுகிறது. 2019இல் இரு குழுக்கள் தனித்தனியே கந்தகம் கொண்ட வளையம் ஒன்றை அக்ரிலேட் வகை மோனோமர்களோடு சேர்த்து, முதுகெலும்பில் தயோஎஸ்டர்களைப் (கந்தகம் கொண்ட எஸ்டர்களைப்) பதித்தன.

ஆனால் அறுபடுவது வேறு, மக்குவது வேறு. நூறு கண்ணிச் சங்கிலியில் ஐந்து எஸ்டர்கள் இருந்து ஐந்தும் அறுந்தால், ஆறு துண்டுகள் மிஞ்சும். அவை களத்து மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் தின்னும் அளவுக்குச் சிறியவையா என்பதைத் தனியே சோதித்த பிறகே அந்தப் பையை மக்கும் பை என்று விற்கலாம்.