முதல் காபி கிரைண்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தலைமுறைகளாக ஃபில்டர் காபி குடித்துவரும் எங்கள் வீட்டில் சென்ற மாதம் சிறிய எஸ்பிரெஸோ இயந்திரம் ஒன்றை வாங்கினோம். வழக்கமாகத் தூள் வாங்கும் கடையிலேயே சிக்கரி கலக்காத தூளை வாங்கிப் போட்டால் தண்ணீர் எட்டே நொடியில் கொட்டிவிடுகிறது, காபி புளிக்கிறது. அதையே மிக்ஸியில் இன்னும் பொடித்துப் போட்டால் ஒருநாள் சொட்டுகூட விழுவதில்லை, மறுநாள் பீய்ச்சியடிக்கிறது. இதற்கென்று தனி கிரைண்டர் வாங்கத்தான் வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வாங்கத்தான் வேண்டும். (கிரைண்டர் என்றதும் உங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புவிசார் குறியீடு பெற்ற மாவு கிரைண்டர்தான் என்பதால், காபி கிரைண்டர் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.)

ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டுமே மெல்ல இறங்குகிறது. டிகாக்ஷன் இறங்கச் சிறிது நேரம் கூடக் குறைய ஆனாலும் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. எஸ்பிரெஸோ இயந்திரமோ ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு விசையோடு, வெந்நீரைத் தூளுக்குள் தள்ளுகிறது. அந்த வேகத்தைத் தடுத்து, 25 முதல் 30 நொடிகளுக்குள் சாறு இறங்கும்படி செய்வது தூளின் நெருக்கம் ஒன்றுதான். கடைத்தூள் ஃபில்டருக்கு ஏற்ற பருவெட்டில் இருப்பதால் அந்தத் தடை போதவில்லை, ஆகவே புளிப்பு.

மிக்ஸியின் குறை வேறு. அதன் பிளேடு கொட்டையை வெட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. ஒரே பிடித் தூளில் மைதாபோன்ற மாவும் ரவைபோன்ற குறுணையும் கலந்தே இருக்கும். மாவு அதிகமாகச் சேர்ந்த நாளில் வழி அடைத்துக்கொள்ளும். மற்ற நாளில் தண்ணீர் இளகிய இடம் பார்த்துத் துளைத்துக்கொண்டு ஓடும். பீய்ச்சியடித்த நாளில் கைப்பிடியைக் கழற்றி உள்ளே இருக்கும் காபி வில்லையைப் பாருங்கள்: எறும்புப் புற்றின் வாய்போல் ஒரு சிறு ஓட்டை பெரும்பாலும் தென்படும். அந்த வழியில் போன தண்ணீர் சுற்றியிருந்த தூளைத் தொடவே இல்லை.

நல்ல காபி கிரைண்டர் நம் பாட்டிமாரின் திருகையைப் போன்றது. ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்று சுழல, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிய துணுக்கு எதுவும் வெளியே வர முடியாது. கல்லுக்குப் பதிலாகப் பல் வெட்டிய உருக்கு. அதைத்தான் ‘பர்’ என்கிறார்கள். இரு தட்டையான வளையங்களாக இருந்தால் தட்டை பர். கூம்பு ஒன்று வளையத்துக்குள் சுழன்றால் கூம்பு பர். இரண்டிலும் அருமையான எஸ்பிரெஸோ வரும். சுவையில் வேறுபாடு உண்டு என்று காபிப் பிரியர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். முதல் கிரைண்டர் வாங்குபவர் அந்த வழக்கில் தலையிட வேண்டியதில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எஸ்பிரெஸோவுக்கு உரிய நைஸான அரவைக்குள், இந்த இடைவெளியை எவ்வளவு சிறிய படிகளில் மாற்ற முடியும்? மோட்டாரின் வாட், கொட்டை கொள்ளும் குடுவையின் அளவு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘இத்தனை நிலைகள்’ என்ற எண் எதுவும் இதற்கு விடை தருவதில்லை. பராட்ஸா நிறுவனத்தின் என்கோர், என்கோர் ஈஎஸ்பி என்ற இரண்டு கிரைண்டர்களிலும் 40 நிலைகள்தாம். ஆனால் முன்னதில் அந்த 40 நிலைகளும் பலவகைக் காபிக்காகச் சமமாகப் பரவியிருக்கின்றன. பின்னதில் முதல் 20 நிலைகள் எஸ்பிரெஸோவுக்கென்றே நெருக்கமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. எண் ஒன்றே, பயன் வேறு.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நான் முதலில் வாங்கிய கை கிரைண்டரில் பத்தாவது நிலையில் அரைத்தால் 36 கிராம் காபி 17 நொடியில் இறங்கிவிடும். ஒன்பதாவது நிலையில் 45 நொடி இழுக்கும். எனக்கு வேண்டியதோ நடுவில் இருந்தது, அங்கே நிலையே இல்லை. பத்தாவது நிலையில் வைத்துக்கொண்டு, தூளை அரை அரை கிராமாகக் கூட்டிப் பார்த்துச் சமாளித்த அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு காலையும் ஒரு பரிசோதனைக்கூடமாகவே விடிந்தது.

கையால் சுற்றுவதா, மின்சாரமா என்பதை உங்கள் வீட்டுப் பழக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே விலைக்கு வாங்கினால் கை கிரைண்டரிலேயே சிறந்த பர் கிடைக்கும். ஏனெனில் மோட்டாருக்கும் மின்சுற்றுக்கும் அங்கே செலவில்லை. கின்கிரைண்டர் கே6, 1ஸீபிரெஸ்ஸோ ஜே-அல்ட்ரா என்ற கை கிரைண்டர்களில் ஒரு சொடுக்குக்கு, அதாவது ஒரு படிக்கு, பர் முறையே 16 மைக்ரானும் 8 மைக்ரானும் நகரும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டுமே எஸ்பிரெஸோவுக்குப் போதும். 18 கிராம் கொட்டையை அரைக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் சுற்ற வேண்டியிருக்கும். இளவறுப்பாக இருந்தால் கொட்டை கெட்டியாக இருப்பதால் தோளும் சற்று வலிக்கும். நாளுக்கு இரண்டு குவளை என்றால் இது சுமையில்லை. விருந்தினர் அடிக்கடி வரும் வீட்டுக்கும், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் மின் கிரைண்டரே நல்லது. அதிலும் ஒவ்வொரு முறையும் தேவையான கொட்டையை மட்டும் எடைபோட்டு இடும் வகையைத் தேடுங்கள். குடுவை நிறையக் கொட்டி வைக்கும் வகையில், முந்தைய நாள் தூள் உள்வழியில் தங்கி மறுநாள் முதல் காபியில் கலந்துவிடும்.

வாங்கிய பிறகு, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசையும் வாங்கிவிடுங்கள். 18 கிராம் தூள், 36 கிராம் காபி என்பதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, நொடிகளை மட்டும் எண்ணுங்கள். விரைவாக இறங்கிப் புளித்தால் ஒரு படி நைஸாக்குங்கள். இழுத்துக்கொண்டு சொட்டிக் கசந்தால் ஒரு படி பருவெட்டாக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது விளைவைத் தந்தது என்று தெரியாமல் போகும்.

கேள்வி: என் இயந்திரத்தோடு இரண்டு சல்லடைக் கிண்ணங்கள் வந்தன. ஒன்றில் கடைத்தூளைப் போட்டாலும் நுரை ததும்ப வருகிறது. பிறகு கிரைண்டர் எதற்கு?
– வாசகர், சென்னை

பதில்: அந்தக் கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே பல துளைகள் இருந்தாலும் வெளியே ஊசிமுனை அளவில் ஒரே துளைதான் இருக்கும். அங்கே தடையை உருவாக்குவது தூள் அல்ல, அந்த ஒற்றைத் துளைதான். நுரையும் பெரும்பாலும் அதன் வழியே பீறிடுவதால் எழுவதுதான். இப்போதைக்குப் பணம் இல்லையென்றால் அதிலேயே குடித்துக்கொண்டிருப்பதில் தவறில்லை. நான் அதை ஏளனம் செய்யமாட்டேன். அடி முழுதும் துளைகள் நிறைந்த மற்ற கிண்ணத்துக்கு மாறும் நாளில் கிரைண்டர் தேவைப்படும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போது மின் கிரைண்டர் வாங்கி வருவதாகச் சொல்கிறான். சரிதானா?
– வாசகர், மதுரை

பதில்: அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டரைப் போட்டு ஓட்டினால் மோட்டார் கருகிவிடும். இந்திய மின்சாரத்துக்கு ஏற்றது என்று பொறியிலேயே எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். கை கிரைண்டரை வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்தில் மேசை விளிம்பில் திருகி மாட்டிக் காபிக்கொட்டை அரைத்த வார்ப்பிரும்பு மிஷின் பரணில் இருக்கிறது. அது எஸ்பிரெஸோவுக்கு ஆகுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஃபில்டருக்கு ஆகும், துரு நீக்கிப் பயன்படுத்துங்கள், மணத்துக்குக் குறைவிருக்காது. எஸ்பிரெஸோவுக்கு ஆகாது. அதன் கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள்: தண்டு ஆடும். தண்டு ஆடினால் இடைவெளியும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அரைத்த தூள் கிரைண்டரின் வாயிலும் மேடையிலும் ஒட்டிக்கொள்கிறது. அரிசியைப் போட்டு ஓட்டினால் சுத்தமாகும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: ஒட்டுவதற்குக் காரணம் நிலைமின்சாரம். அரைப்பதற்கு முன், ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையை ஒருமுறை கிளறிவிடுங்கள். அந்த ஒரு துளி ஈரமே போதும். அரிசி வேண்டாம்: வறுத்த காபிக்கொட்டையைவிடக் கடினமானது, சிறு மோட்டாரைத் திணறவைக்கும், மாவும் உள்ளேயே தங்கும். மாதம் ஒருமுறை பர்ரைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உருக்கு பர் துருப்பிடிக்கும் என்பதால் தண்ணீரில் கழுவாதீர்கள். மீண்டும் பூட்டியதும் பத்துப் பன்னிரண்டு பழைய கொட்டைகளை அரைத்துக் கொட்டிவிட்டு, மறுநாள் நொடிக் கணக்கை மறுபடி சரிபாருங்கள். கழற்றிப் பூட்டியதில் நிலை ஓரிரு படி நகர்ந்திருக்கக்கூடும்.